அவர் சொன்னது ‘வுடு’

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. சண்டையைப் பற்றியும் குண்டு போடுகிற விமானத்தைப் பற்றியும் எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நான் விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் ஒரு மனிதர் சொன்ன ஒரே ஒரு சொல்லை நாலு மாதம் நான் தப்பாக எழுதினேன். அதனால் அவர் தன் சொந்த வீட்டை விட்டே போகவேண்டி வந்திருக்கும். தப்பாக எழுதியவள் நான்தான். அதைச் சரியாக எழுத வேண்டியவளும் நான்தான். தகுதி இருக்கிறவர்கள் வந்து எழுதட்டும் என்று காத்திருக்க முடியவில்லை.

வயதானவர்களை வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. நான் நர்ஸ் இல்லை. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், கை காலுக்குப் பயிற்சி செய்ய வைப்பேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் செம்பாக்கம் போவேன். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை என் பொறுப்பு. அதற்குப் பிறகு வேறு ஒருவர் வருவார்.

செம்பாக்கத்தில் நான் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி போய் இரண்டு வருடம். ஒரே மகன், குடும்பத்தோடு வெளிநாட்டில். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மொத்தமாகப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது.

“வுடு.”

காலையில் எழுப்பினால் “வுடு” என்பார். கஞ்சி கொடுத்தால் “வுடு.” பயிற்சிக்காக அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினால், முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “வுடு, வுடு” என்பார். தலைக்கு மேலே தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஏதாவது இரைந்துகொண்டு போனால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். கண் மட்டும் கூரையோடு கூடவே நகரும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். என்ன சாப்பிட்டார், எத்தனை முறை சிறுநீர் போனது, பிரஷர் எவ்வளவு, பயிற்சி எப்படி நடந்தது, எல்லாம் அதில் எழுதவேண்டும். தினமும் மாலை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பவேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

என் தப்பு இங்கேதான் ஆரம்பித்தது. “வுடு” என்று எழுதக் கூச்சமாக இருந்தது. படித்த பிள்ளை படிக்கப்போகிற நோட்டு. பள்ளியில் எங்கள் தமிழ் டீச்சர் பேசுகிற மாதிரி எழுதினால் கையில் அடிப்பார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ‘விடு’ என்று எழுதிப் பார்த்தேன். மொட்டையாக, மரியாதை இல்லாமல் இருந்தது. அதனால் நல்ல தமிழில், முழுச் சொல்லாக, குண்டுகுண்டான கையெழுத்தில் எழுதினேன்:

‘பயிற்சி தொடங்கினேன். விட்டுவிடு என்றார். நிறுத்திவிட்டேன்.’

நிறுத்தவும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் “வுடு” என்றதும் கட்டிலில் உட்காரவைத்துவிடுவேன். பாவம், வலிக்கிறது போல என்று நினைப்பேன். என் வாயிலும் வாழ்நாள் முழுக்க அதிகமாக வந்த சொல் அதுதானே. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் “பரவால்ல விடுங்க.” முன்பு வேலை பார்த்த கம்பெனியில் எனக்குப் பின்னால் வந்தவளை சூப்பர்வைசர் ஆக்கியபோது “சரி விடுங்க.” விடு என்றால் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு அர்த்தம்தான்.

பெரியவரைப் பார்க்க வருகிறவர் ஒருவர்தான். சிட்லபாக்கத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவில் வருவார். அவருக்கும் அதே வயது. ஒல்லி, கைத்தடி, காதில் மிஷின். வாசலிலேயே சத்தம் கேட்கும்.

“இன்னாடா மச்சான், இன்னும் கீறியா?”

பெரியவர் இடது கையைத் தூக்குவார். “வுடு.”

“நான் வந்ததே இப்பத்தான். அதுக்குள்ள வுடுன்னா எப்டி?”

இரண்டு பேரும் ஒன்றாக விமானப்படையில் இருந்தவர்கள் என்று தெரியும். வந்தவர் விமானத்தை ஓட்டியவர். எங்கள் பெரியவர் வழி சொல்லி, குண்டு போட்டவர். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விடுவேன். ஓட்டியவரை நான் ‘விமானி சார்’ என்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை மகன் வீடியோவில் கூப்பிட்டார்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் டிசைட் பண்ணிட்டேன். உங்க ஊர்ப் பக்கமே, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு ஹோம் இருக்கு. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குன்னு தனி வார்டு. நல்லா பார்த்துக்கறாங்களாம். சண்டே அவங்க ஆள் வந்து அப்பாவைப் பார்ப்பாங்க. நான் சாட்டர்டே வந்துடுவேன்.”

“சார், ஐயா வீட்டுலயே இருந்தா…”

“ஒருத்தர் ஹெல்ப்போட கட்டில்லேர்ந்து சேருக்கு மாறினாருன்னா வீட்டுல வச்சுக்கலாம்னு டாக்டரே சொன்னாரு. நாலு மாசம் ஆச்சு, முடியலையே. அதைவிட, அவருக்கே வேணாம்னு இருக்குக்கா. உங்க நோட்டைத்தான் உட்கார்ந்து எண்ணினேன். நாப்பத்தி மூணு தடவை ‘விட்டுவிடு’ன்னு சொல்லியிருக்காரு. அம்மாவை டியூபும் ஊசியுமா ஆறு மாசம் வச்சிருந்தோம். அப்போ அப்பா என்கிட்ட சொன்னாரு, இனிமே யாரையும் இப்படிப் படுத்தக் கூடாதுடான்னு. இப்போ அவரே கேட்கறாரு. நான் எப்படிக்கா கேட்காம இருக்கறது?”

அவர் குரல் உடைந்தது. அவர் கெட்ட பிள்ளை இல்லை. அப்பா சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்பா சொன்னதாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் என் கையெழுத்து.

“சரி சார்” என்றேன். வேறு என்ன சொல்லியிருப்பேன்?

வெள்ளிக்கிழமை விமானி சார் வந்தபோது பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல காபியை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றேன். அவரே கேட்டார்.

“இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல? யார்னா எதுனா சொன்னாங்களா?”

சொன்னேன். ஹோம், ஞாயிற்றுக்கிழமை, நோட்டு, நாற்பத்து மூன்று தடவை. நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறிப்போனது.

“விட்டுவிடு என்றார். இது யாரு எழுதனது?”

“நான்தான் சார்.”

“இவன் வாய்ல ‘விட்டுவிடு’ன்னு வந்துதா? உண்மையச் சொல்லு.”

“இல்ல சார். வுடுன்னுதான் சொல்வாரு. நான்தான் கொஞ்சம் நல்லா இருக்கட்டும்னு…”

அவர் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டினார். கோபம் என்று நினைத்து நான் பின்னால் நகர்ந்தேன். ஆனால் அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் சொன்னார். “உக்காரு. ஐம்பது வருசத்துக்கு முன்னாடி நான் பண்ண அதே தப்ப நீயும் பண்ணிகினு கீற.”

அவர் சொன்னதை என்னால் முடிந்த மாதிரி சொல்கிறேன்.

எல்லையில் சண்டை நடந்த காலம். இவர்கள் விமானத்தில் இரண்டே பேர். ஓட்டுகிறவருக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலி. ஆபத்து என்றால் ஒரு பிடியை இழுத்தால் போதும், நாற்காலி வெடித்து ஆளை வெளியே தூக்கி எறிந்துவிடும், பாராசூட் விரியும். வழி சொல்லுகிறவர் கீழே மூக்குப் பகுதியில். அவருக்கு அந்த நாற்காலி கிடையாது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு மட்டும். குண்டு போடும்போது அவர் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத் தரையைப் பார்க்கவேண்டும். குறி நேராக வந்ததும் பொத்தானை அழுத்தவேண்டும்.

“ரேடியோல இங்கிலீஷ்லதான் பேசணும்னு ரூலு. ஆனா உள்ளாற நானும் அவனும் பேசிக்கறது எவனுக்குக் கேக்கப்போவுது? மெட்ராஸ் பாஷதான். ‘லெஃப்ட்டு மச்சான், இன்னும் லெஃப்ட்டு, நேரா, நேராப் போ.’ அப்டித்தான் சொல்வான்.”

விடிகிற நேரம். எதிரியின் விமானத்தளத்து ஓடுபாதையில் குண்டு போடவேண்டும். முதல் தடவை போனபோது பொத்தானை அழுத்தியும் குண்டு விழவில்லை. எங்கோ சிக்கிக்கொண்டது. கீழேயிருந்து பீரங்கியால் சுடுகிறார்கள். சுற்றிலும் வானத்தில் கறுப்புக் கறுப்பாகப் புகை வெடிக்கிறது. திரும்பவும் அதே பாதையில் வருவது என்றால், கீழே இருக்கிறவன் குறி வைத்துக் காத்திருப்பான். இருந்தும் பெரியவர் “இன்னொரு ரவுண்டு” என்றாராம். விமானி சார் திருப்பிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் பக்கத்திலேயே ஒன்று வெடித்து, விமானமே பாத்திரம் உருண்ட மாதிரி அதிர்ந்தது.

“எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். ‘வுடு மச்சான்’னு கத்தினேன். போதும், வுட்டுத்தள்ளு, வூட்டுக்குப் போலாம்னு அர்த்தத்துல கத்தினேன். அவன் இன்னா பண்ணான் தெரியுமா? ‘வுட்டேன்’னான். அழுத்திட்டான். மொத்தக் குண்டும் போயிடுச்சி. பாரம் போனதும் விமானம் குபீர்னு மேல எம்புது. ‘அடப்பாவி, இன்னாடா பண்ணே?’ன்னேன். ‘நீதானேடா வுடுன்னே?’ன்றான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சிரி, சிரி. நாங்களே அப்புறம் எத்தினியோ நாள் சிரிச்சிருக்கோம். நல்லாக் கேட்டுக்க. எங்க குடும்பம் இந்தச் செம்பாக்கத்துலயே பயிர் வெச்ச குடும்பம். சாயந்தரம் எங்கப்பா ‘வுடு’ன்னு ஒரு சத்தம் குடுத்தாருன்னா, மாட்ட ஏர்லேர்ந்து அவுத்து வுடு, வேல முடிஞ்சிதுன்னு அர்த்தம். இவன் கோவளம் பக்கத்துல மீன் புடிக்கிற குப்பத்துலேர்ந்து வந்தவன். கடலுக்குள்ள போயி எடம் பார்த்து நின்னதும் இவங்கப்பா ‘வுடு’ன்னாருன்னா, வலைய வுடுன்னு அர்த்தம். வேல அப்பத்தான் ஆரம்பிக்கும். எங்க வூட்ல வேல முடிஞ்சா வுடு. இவன் வூட்ல வேல ஆரம்பிச்சா வுடு. ஒரே சொல்லுதான்.”

“குண்டு சரியா விழுந்துதா சார்?”

“ஓடுபாத நடுவுல. கெணறு வெட்டுன மாதிரி. அங்க ஆளுங்க எவனாவது நின்னுகினு இருந்தானான்னு இவன் ரொம்ப வருசம் கேட்டுகினே இருந்தான். எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். எனக்கு நெஜமாவே தெரியாது.”

தூங்குகிறவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

திரும்புகிற வழியில் வலதுபக்க இன்ஜினில் அடிபட்டது. தீ. கீழே படுத்திருந்தவரின் இடது தொடையில் இரும்புச் சில்லு ஒன்று ஏறிவிட்டது. தீ அணைந்தாலும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. எந்த நிமிடமும் விழலாம். ஓட்டுகிறவர் அந்தப் பிடியை இழுத்தால் தப்பிக்கலாம். கீழே இருக்கிறவர் அந்தக் காலோடு கதவு வரை போகவே முடியாது.

“அப்பச் சொன்னாம்மா. ‘நீ குதிச்சிடு மச்சான். என்ன வுடு’ன்னான். ஒரே ஒரு தபா. ‘என்ன வுடு’. அவன் வாய்லேர்ந்து அந்த அர்த்தத்துல நான் கேட்டது அந்த ஒரு தபாதான்.”

“நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“‘வாய மூடிகினு ரூட்டு சொல்லுடா’ன்னேன்.”

பெரியவர் ரூட்டு சொன்னாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல், முழங்காலில் வரைபடத்தை விரித்து, பென்சிலை ரத்தக் கையோடு பிடித்துக்கொண்டு சொன்னாராம். ஒற்றை இன்ஜினில் வந்து, சக்கரம் இறங்காமல், வயிறு தேய இறங்கினார்கள். விமானத்தில் இட்லித்தட்டு மாதிரி ஓட்டை. மேலதிகாரி வந்து இரண்டாவது தடவையும் போய்க் குண்டு போடச் சொன்னது யார் என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்களாம்.

“மெடல் யாருக்கு சார் கொடுத்தாங்க?”

“அத வுடும்மா” என்றார் விமானி சார். இது இன்னொரு வகை.

அவர் கிளம்பிய பிறகு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பத்து மூன்று இடத்திலும் கொஞ்சம் மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். ‘தூக்கி நிறுத்தினேன்.’ ‘எழுப்பி உட்காரவைத்தேன்.’ ‘ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன்.’ எல்லாமே ஏதோ ஒன்று ஆரம்பிக்கிற இடம். படுத்திருக்கும்போது, தூங்கப்போகும்போது, முடித்துவிட்டு உடம்பு துடைக்கும்போது ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லவில்லை. வேலை ஆரம்பிக்கிறபோதெல்லாம் அவர் வலையை விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் என் நினைப்பாக மட்டும் இருந்தால்? அவர் நிஜமாகவே போதும் என்று சொல்லியிருந்தால்? அந்தச் சந்தேகமும் இருந்தது. அதனால் அன்று மாலை நாலு மணிக்கு அவரைக் கட்டில் ஓரம் உட்காரவைத்து, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நான் யார் முகத்தையும் அப்படிப் பார்த்துப் பேசியது கிடையாது.

“ஐயா, வலை வுடறதா, மாட்டை வுடறதா?”

அவர் என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. இடது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, முன்னால் வீசினார். வலை வீசுகிற வீச்சு. மடியில் இருந்த துண்டு பறந்து போய் டி.வி. மேல் விழுந்தது.

தூக்கி நிறுத்தினேன். “வுடு” என்றார். இந்தத் தடவை நான் உட்காரவைக்கவில்லை. அக்குளில் இருந்து கையை எடுத்தேன். எடுத்த கையை அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே வைத்துக்கொண்டேன். இடது கால் நடுங்கியது. அந்தச் சில்லு ஏறிய கால்தான் இப்போது அவரைத் தாங்கும் ஒரே கால். இரண்டு எண்ணுவதற்குள் என்மேல் சாய்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தோம். எனக்கு முழங்கையில் அடி. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஆறு தடவை. அதிகமாகப் போனது ஐந்து எண்ணும்வரை.

மதியம் மகன் வந்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். சொல்லவேண்டும் என்று மூன்று தடவை கதவு வரை போனேன். மூன்று தடவையும் “சாப்பிடறீங்களா சார்?” என்றுதான் வாயில் வந்தது. அன்று ரயிலில் போகும்போது என்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹோமிலிருந்து ஒரு மேடமும் உதவிக்கு ஒரு பெண்ணும் வந்தார்கள். மேடம் கையில் படிவம். விமானி சார் அவர்களுக்கு முன்னாலேயே வந்து பிரம்பு நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, ஷூ. எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

“ஒரு தடவை எழுப்பிப் பார்த்துடலாம் சார்” என்றார் மேடம். அவரும் அந்தப் பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பழகிய கைகள். நல்லபடியாகத்தான் பிடித்தார்கள்.

பெரியவர் பல்லைக் கடித்தார். “வுடு.”

“பார்த்தீங்களா மேடம்?” என்றார் மகன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்பவும் இதேதான். வேணாம்ங்கறாரு.”

“சரிங்க ஐயா, சரிங்க, விட்டுடறோம்” என்று மேடம் அவரை மெதுவாக உட்காரவைத்தார். பேனாவை எடுத்தார்.

என் தொண்டையில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. சரி விடுங்க. அது எனக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்று உங்களுக்குத் தெரியாது. அதை விழுங்கினேன்.

“எழுதாதீங்க.”

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. கத்திவிட்டேன் போல.

“அக்கா?” என்றார் மகன்.

“சார், ஐயா வேணாம்னு சொல்லல. விட்டுவிடுன்னு அவரு ஒரு நாளும் சொல்லல. அது நான் எழுதினது. நல்ல தமிழா இருக்கட்டும்னு எழுதினேன். அவரு சொன்னது வுடு. வலை வுடு. இப்பவும் அதைத்தான் சொல்றாரு. கைய எடுங்கன்றாரு. ஆரம்பிங்கன்றாரு. நாப்பத்தி மூணு தடவையும் அதான். என்மேல கோவப்படுங்க, வேலைய விட்டுப் போவச் சொல்லுங்க, ஆனா அவரு பேரைச் சொல்லி அனுப்பாதீங்க.”

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. “அங்கிள், இவங்க என்ன சொல்றாங்க?”

“உங்கப்பன் பாஷைய ஒருத்தி கத்துக்கினாடா, அதான் சொல்றா” என்றார் விமானி சார். “நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

மேடம் தயங்கினார். “கீழே விழுந்தார்னா ரிஸ்க்கும்மா.”

“விழுந்தா என்மேல விழுவாரு. வெள்ளிக்கிழமை விழுந்தாரு. ஒண்ணும் ஆவல” என்றேன். முழங்கைக் காயத்தையும் காட்டினேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்!

சக்கரமில்லாத மர நாற்காலியைக் கட்டில் பக்கத்தில், அவருடைய இடது பக்கமாகப் போட்டேன். அவரைத் தூக்கி நிறுத்தினேன். நான் ஒருத்திதான். அவர் மூச்சு என் காதில் பட்டது. விமானி சார் கைத்தடியைத் தரையில் ஊன்றி முன்னால் குனிந்தார்.

“மச்சான், கேக்குதா? நேரா. நேரா. கொஞ்சம் லெஃப்ட்டு. அவ்ளோதான். நேரா.”

பெரியவரின் கண் அவர்மேல் நின்றது. இடது காலில் பாரம் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

“வுடு” என்றார்.

கையை எடுத்தேன்.

நின்றார். தெருவில் கீரைக்காரி முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என்று கூவிக்கொண்டு போனாள். அவள் மூன்று கீரையையும் சொல்லி முடித்து, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி முளைக்கீரையிலிருந்து ஆரம்பிக்கும்வரை நின்றார். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்த்துவிட்டது. பிறகு இடது கால் அரை அடி திரும்பியது. வலது கால் பின்னாலேயே இழுபட்டது. நாற்காலியின் கையைப் பிடித்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். ஆனால் நாற்காலிக்குள் விழுந்தார்.

“லேண்டிங் மோசம்” என்றார் விமானி சார். அவர் குரல் சரியாக இல்லை. “ஆனா ஓடுபாதையிலதான் எறங்கியிருக்கான்.”

மேடம் படிவத்தைப் பார்த்தார். “ஒருவர் துணையுடன் மாறுவார், ஆம்னு போடறேன்.”

“ஒருத்தருமே புடிக்கலியேம்மா? தனியா இல்ல நின்னான்?”

“தனியாங்கறதுக்கு இதுல கட்டம் இல்ல சார். படுக்கை வார்டுக்கு வர்றவங்க ஃபார்ம் இது.”

“அப்ப அந்த ஃபார்மே இவனுக்கு வேணாம். மடிச்சி வெச்சிக்க.”

மேடம் சிரித்துவிட்டார். மகன் மட்டும் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

“அப்போ இதுல இருக்கிறது எல்லாமே தப்பாக்கா?”

“இட்லி, பிரஷர் எல்லாம் சரி சார். அந்த ஒரு சொல்லு தப்பு.”

அவர் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்தார். “அப்பா, ஹோம் கேன்சல் பண்ணிடறேன். இங்கேயே இருக்கீங்களா? உங்களுக்கு ஓகேவா?”

பெரியவர் மகனின் தலையில் இடது கையை வைத்தார். “வுடு” என்றார்.

மகன் திரும்பி எங்களைப் பார்த்தார். “இது எந்த வுடு?”

“அத உங்கப்பனையே கேளு” என்றார் விமானி சார். “எங்களுக்கு வேற வேல கீது.”

ஒரு வேலையும் இல்லை. சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் கிளம்பினார்.

அன்று மாலை நோட்டில் எழுதும்போது டீச்சர் ஞாபகம் வந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று ‘வுடு’ என்றே எழுதினேன். பழைய பக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. நாற்பத்து மூன்று இடத்திலும் சிவப்புப் பேனாவால் அடித்து மேலே சரியாக எழுதினேன். மகன் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. பெரியவருக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன். பயிற்சி இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம். மகன் மாலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை இல்லை என்பதால் விமானி சார் வரவில்லை.